வந்த பெயரும் சொந்த வினையும்

'போர்' என்னும் சொல்லுக்கு எத்தனை பொருள் என்று சேலம், நாமக்கல் சமவெளியில் வாழும் உழவர் ஒருவரைக் கேட்டால், அவர் அகராதியைப் புரட்டாமலே விடை கூறுவார். களத்து ஓரத்தில் குவித்து வைத்திருப்பது வைக்கோற்போர். மாடுகளைப் பிணைத்துக் கதிரை மிதிக்கச் செய்வது போரடித்தல். இரு நாடுகள் படை கொண்டு மோதுவது போர். இவை மூன்றும் நம் முன்னோர் நமக்கு விட்டுச் சென்றவை. இவற்றோடு ஆங்கிலத்திலிருந்து இரண்டு வந்து சேர்ந்துள்ளன. நிலத்தைத் துளைத்து நீர் தேடினால் அது 'போர் போடுவது'. கேட்பவருக்குச் சலிப்பூட்டும் பேச்சாக இருந்தால் அது 'போர் அடிப்பது'. மறையுரை நீண்டுவிட்டால் இந்தக் கடைசிப் பொருளைக் கோவில் வாசலிலும் கேட்கலாம்.

ஆங்கிலேயர் இவ்விரண்டையும் ஒரே எழுத்தில் எழுதி ஒரே ஒலியில் சொல்கின்றனர். அதுமட்டுமன்று, ஒவ்வொன்றையும் பெயராகவும் வினையாகவும் வடிவ வேறுபாடின்றி ஆளுகின்றனர். துளையும் 'போர்', துளைத்தலும் 'போர்'. சலிப்பூட்டும் மனிதரும் 'போர்', சலிப்பூட்டுதலும் 'போர்'. நம் உழவரோ ஒன்றுக்குப் 'போடு' என்பதையும் மற்றொன்றுக்கு 'அடி' என்பதையும் துணையாகச் சேர்த்து, இரண்டையும் ஐயத்திற்கு இடமின்றிப் பிரித்துவிடுகிறார். எந்தப் புலவரும் இதை அவருக்குக் கற்பிக்கவில்லை. ஆயினும் அவர் பேச்சில் இது பிறழ்வதே இல்லை.

ஆங்கிலத்தில் பெயராகவும் வினையாகவும் பெயரடையாகவும் வகை விட்டு வகை தாவுகின்ற சொற்கள், நம் ஊருக்கு வந்தவுடன் ஏன் ஓரிடத்தில் அமர்ந்துவிடுகின்றன? அமர்ந்த சொல்லுக்கு அசைவு தருவது எது? இது இலக்கணக் கேள்வி. வரலாற்றுக் கேள்வியும் ஆகும். ஆழ்ந்து நோக்கினால், நம் விசுவாச வாழ்வைத் தொடும் கேள்வியும் இதனுள் அடங்கியிருக்கக் காணலாம்.

ஈறு தேய்ந்த மொழி

ஆங்கிலம் தொடக்கம் முதலே இப்படி இருந்ததில்லை. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வழங்கிய பழைய ஆங்கிலத்தில், தமிழில் இருப்பதுபோலவே சொல்லின் ஈறு அதன் வகையை அறிவித்தது. அன்பு என்னும் பெயருக்கு 'லுஃபு' என்றும், அன்பு செய்தல் என்னும் வினைக்கு 'லுஃபியன்' என்றும் வடிவங்கள் இருந்தன. ஒன்றை மற்றொன்றாக எவரும் மயங்க வழியில்லை.

பின்னர் அந்த ஈறுகள் தேயத் தொடங்கின. வட ஐரோப்பியக் குடியேறிகளோடு கலந்து பேச நேர்ந்தது ஒரு காரணம். 1066ஆம் ஆண்டு நார்மானியர் இங்கிலாந்தை வென்றபின் அரசவையிலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சு கோலோச்ச, ஆங்கிலம் எளிய மக்களின் வாய்மொழியாக நின்றது மற்றொரு காரணம். 15ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் ஈறுகளில் பெரும்பாலானவை உதிர்ந்துவிட்டன. 'லுஃபு', 'லுஃபியன்' என்ற இரண்டும் 'லவ்' என்ற ஒரே வடிவில் வந்து முடிந்தன. அதன்பின் சொல்லின் வகையைச் சொல்லின் உருவம் காட்டவில்லை; தொடரில் அது நிற்கும் இடமே காட்டிற்று.

இழப்பே ஒரு வசதியாக மாறியது. எந்தப் பெயரையும் வினையின் இடத்தில் நிறுத்தினால் அது வினையாகிவிடும் என்ற நிலை பிறந்தது. கை என்று பொருள்படும் 'ஹேண்ட்' கொடுத்தலுக்கும், தோள் என்று பொருள்படும் 'ஷோல்டர்' சுமத்தலுக்கும் ஆயின. ஷேக்ஸ்பியர் (1564-1616) இந்த உரிமையைத் தம் நாடகங்களில் தாராளமாகக் கையாண்டார். நம் காலத்தில் 1998இல் தோன்றிய 'கூகுள்' நிறுவனத்தின் பெயர், இணையத்தில் தேடுதல் என்னும் பொருளில் வினையாகி, 2006இல் ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியிலேயே இடம்பெற்றது. ஒரு நிறுவனத்தின் பெயர் எட்டே ஆண்டுகளில் வினைச்சொல்லாக அகராதி ஏறியது, ஈறு தேய்ந்த மொழிக்கே எளிதில் வாய்ப்பது.

தொல்காப்பியர் வகுத்த வரம்பு

தமிழ் வேறு வழியில் நடந்த மொழி. தொல்காப்பியர் சொல்லைப் பெயர், வினை, இடை, உரி என நான்காக வகுத்து, அவற்றுள் பெயரையும் வினையையும் முதன்மையாகக் கொண்டார். வேற்றுமை உருபை ஏற்பது பெயர். வேற்றுமையை ஏற்காது காலத்தைக் காட்டி நிற்பது வினை. இந்த உரைகல் இன்றும் தேயவில்லை.

ஆயினும் தமிழில் சொற்கள் வகை மாறுவதே இல்லை என்று எண்ணிவிடலாகாது. மலர் மலர்கிறது, காய் காய்க்கிறது, கனி கனிகிறது. வெட்டு, கட்டு, இடி போன்றவை வினைப்பகுதிகளாகவும் பெயர்களாகவும் நிற்பதை முதனிலைத் தொழிற்பெயர் என்று இலக்கணம் அழைக்கிறது. கெடு கேடாகவும், சுடு சூடாகவும், பெறு பேறாகவும் குறில் நெடிலாகி மாறுவதை முதனிலை திரிந்த தொழிற்பெயர் என்கிறது. வினை முற்றே பெயராகி வேற்றுமை ஏற்கும் வினையாலணையும் பெயரும் நம்மிடம் உண்டு. படைத்தவர், மீட்டவர் என்று இறைவனை நாம் அழைப்பது அந்த வடிவிலேதான்.

ஆனால் இந்த உரிமை வீட்டுச் சொற்களுக்கே உரியது. வெளியிலிருந்து வரும் சொல்லுக்கு அது எளிதில் கிட்டுவதில்லை. காரணம், தமிழ் வினைச்சொல்லின் உள்ளமைப்பில் இருக்கிறது. 'ஓடு' இறந்த காலத்தில் ஓடினான் என்றாகும். 'நட' நடந்தான் என்றாகும். 'படி' படித்தான் என்றாகும். 'செய்' செய்தான் என்றாகும். எந்தப் பகுதி எந்தக் கால இடைநிலையை ஏற்கும் என்பது தாய்ப்பாலோடு வருகின்ற அறிவு. 'டிரைவ்' என்னும் அயற்சொல் இவற்றுள் எந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது? டிரைவினான் என்பதா, டிரைவித்தான் என்பதா? மொழி இந்தச் சிக்கலுக்குள் போவதில்லை. வந்த சொல்லைப் பெயராக ஏற்று இருக்கையில் அமர்த்திவிட்டு, வேலையைத் தன் சொந்த வினையிடம் ஒப்படைக்கிறது. 'டிரைவ் பண்ணினான்' என்கிறோம். காலமும் இடமும் எண்ணும் பாலும் தமிழ் வினையிலேயே தங்கிவிடுகின்றன.

உலகில் நாம் மட்டும் இப்படிச் செய்யவில்லை. அரபுச் சொற்களைப் பாரசீகர் ஏற்றபோது 'கர்தன்' என்னும் தம் வினையைத் துணையாக்கினர். இந்துஸ்தானி பேசுவோர் 'கர்னா' என்பதைச் சேர்த்தனர். ஜப்பானியர் ஆங்கிலச் சொற்களோடு 'சுரு' என்பதைச் சேர்க்கின்றனர். பொருள் எல்லாம் ஒன்றே: செய்.

சமவெளிக்கு வந்த சொற்கள்

இவ்வாறு வந்து தங்கிய சொற்களை வரலாற்று வரிசையில் நோக்கினால், சேலம் நாட்டின் வரலாறே கண்முன் விரியும்.

முதலில் திருச்சபையின் சொற்கள். 1578இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' நூலை அச்சேற்றிய அண்ட்ரிக் அடிகளார், முத்துக்குளித்துறை மக்களுக்காகத் தமிழ் கற்று, இலக்கணம் எழுதி, நூல்கள் செய்தவர். போர்த்துக்கேயச் சொற்கள் பலவற்றை அவர் தமிழ் எழுத்திலேயே வழங்கினார். 1580இல் ஒப்புரவுக்காக அவர் வெளியிட்ட நூலின் பெயரும் போர்த்துக்கேயமே. போர்த்துக்கேயர் வழியாக நமக்கு வந்து நிலைத்தவற்றை எண்ணிப் பாருங்கள்: மேசை, சாவி, அலமாரி, சன்னல், ஏலம், பாதிரி. எல்லாம் பெயர்கள். 'ஏலம்' வந்தது, 'விடு', 'எடு' என்ற வினைகள் நம்முடையவை.

1606இல் மதுரை வந்த இராபர்ட் தே நொபிலி அடிகளார், 1623இல் வடக்கு நோக்கிப் பயணம் செய்து, இன்றைய நாமக்கல் மாவட்டத்துச் சேந்தமங்கலத்திற்கும் அங்கிருந்து சேலத்திற்கும் வந்தார். நம் சமவெளியில் நற்செய்தி கால் பதித்த வரலாற்றில் அது மறக்கவொண்ணாத ஆண்டு. அவர் போர்த்துக்கேயச் சொற்களை விடுத்து, அக்காலத்துக் கற்றோர் நடையில் வடசொற்களை எடுத்தாண்டார். இங்கே ஒரு வேறுபாடு கவனிக்கத்தக்கது. நெடுங்காலம் தமிழோடு பழகிய வடசொல்லுக்கு மட்டும் தமிழ் தன் வினைக்கதவைத் திறந்துவிட்டது. செபம் என்பதிலிருந்து செபி, தியானம் என்பதிலிருந்து தியானி, ஆராதனையிலிருந்து ஆராதி, ஆசீர்வாதத்திலிருந்து ஆசீர்வதி, விசுவாசத்திலிருந்து விசுவசி என இகர ஈறு பெற்று அவை தமிழ் வினைகளாயின. செபித்தேன், செபிக்கிறேன், செபிப்பேன் என்று முக்காலமும் காட்டின. நம் பாட்டிமார் விசுவசித்தார்கள், ஆராதித்தார்கள், அவற்றுக்கு அவர்கள் துணைவினை தேடவில்லை.

அடுத்து வந்தவை ஆட்சியின் சொற்கள். 1792ஆம் ஆண்டு சீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி, பாராமகாலும் சேலமும் திப்பு சுல்தானிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு மாறின. அலெக்சாண்டர் ரீடு என்பாரின் தலைமையில், தாமஸ் மன்றோ உள்ளிட்ட துணை அதிகாரிகள் இங்கே நிலங்களை அளந்து வரி விதித்தனர். பின்னாளில் சென்னை மாகாணமெங்கும் பரவிய இரயத்துவாரி முறைக்கு இம்மண்ணே பயிற்சிக் களமாயிற்று. ஆண்டவர் ஆங்கிலேயராயினும் வருவாய்த்துறையின் சொற்கள் அரபு, பாரசீக வழி வந்தவை. வசூல், ஜப்தி, ரத்து, ஜாமீன், ராஜினாமா, அமல், தாக்கல் என்று அவை கச்சேரியிலிருந்து களத்துமேட்டுக்கு வந்தன. இவையும் பெயர்களாகவே வந்தன. வசூல் செய்தனர், ரத்து செய்தனர், ஜாமீனில் விட்டனர். குடியானவரின் நிலத்தை ஜப்தி 'செய்தது' தமிழ் வினைதான்!

மூன்றாவதாக ஆங்கிலம், பள்ளி வழியாகவும் பட்டறை வழியாகவும் வந்தது. அதை எதிர்கொள்ளும் கவலை சேலத்தில் முன்னரே பிறந்துவிட்டது. 1916ஆம் ஆண்டு சேலத்தில் வழக்கறிஞராக இருந்த இராஜாஜி, வெங்கடசுப்பையர் என்பாரோடு சேர்ந்து, அறிவியலுக்குத் தமிழ்ச் சொற்களை ஆக்குவதற்கென ஒரு சங்கத்தை நிறுவினார். வேதியியல், இயற்பியல், கணிதம், வானியல் ஆகியவற்றைத் தமிழில் சொல்ல முடியுமா என்று பலரும் ஐயுற்ற காலத்தில், ஒரு மாவட்டத் தலைநகரில் சிலர் கூடி முடியும் என்று பணி தொடங்கியது நாம் பெருமை கொள்ளத்தக்க செய்தி. அன்று முதல் இன்றுவரை கலைச்சொல் முயற்சிகள் பெரும்பாலும் பெயர்ச்சொற்களையே நாடின. பொருளுக்குப் பெயர் வைப்பதே அவற்றின் பணி. வினைச்சொற்களைக் காக்க எவரும் சங்கம் வைக்கவில்லை. வைக்கத் தேவை இருப்பதாகவும் எவரும் எண்ணவில்லை.

பட்டறையின் இலக்கணம்

இன்று நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பகுதிகளில் சாலையோரம் நின்று காதுகொடுத்தால், ஆங்கிலச் சொற்கள் தம் பழைய வகையை இழந்து புது வகையில் வாழ்வதைக் கேட்கலாம். நாமக்கல்லில் லாரிக்கு 'பாடி கட்டுகிறார்கள்'. வீடு கட்டுவதற்கு உள்ள வினையே வண்டியின் உடலுக்கும் ஆயிற்று. சக்கரத்தில் ஆணி ஏறினால் 'பஞ்சர் ஆகிறது'. அதைச் சரிசெய்தால் 'பஞ்சர் போடுகிறார்'. ஒரே பெயர், துணைவினை மாறியதும் நோயும் மருந்துமாகிவிடுகிறது. 'லோடு' ஏறுகிறது, இறங்குகிறது. 'லோடு அடிக்கவும்' செய்கிறார்கள்.

'கிளீன்' என்பது ஆங்கிலத்தில் தூய்மையான என்னும் பெயரடை. தூய்மை செய் என்னும் வினையும் அதுவே. அதிலிருந்து பிறந்த 'கிளீனர்', நம் ஊரில் லாரி ஓட்டுநருக்கு உதவியாக இரவு பகலாய் உடன் செல்லும் இளைஞரின் பதவிப் பெயர். வண்டியைத் துடைப்பது அவர் வேலையில் ஒரு சிறு பகுதியே. கோழிப்பண்ணைகளில் முட்டையிடும் கோழி 'லேயர்'. இடுதல் என்னும் வினை, இடுவது என்னும் பெயராகி, இங்கே ஒரு கோழி இனத்தின் அடையாயிற்று. இறைச்சிக்கான 'பிராய்லர்' அதற்கும் மேலே சென்று, வெயில் படாமல் வளரும் பிள்ளைகளைக் கேலி செய்யும் உவமையாயிற்று.

'டியூ' என்ற சொல்லை அறியாத லாரிக் குடும்பம் இச்சமவெளியில் இல்லை. ஆங்கிலத்தில் அது பெரும்பாலும் 'செலுத்தப்பட வேண்டிய' என்னும் பெயரடை. இங்கே அது மாதந்தோறும் கட்ட வேண்டிய கடன் தவணை என்னும் முழுப் பெயர். டியூ போட்டு வண்டி எடுக்கிறார்கள், டியூ கட்டுகிறார்கள், டியூ நின்றுவிட்டால் உறக்கமும் நின்றுவிடுகிறது. இச்சொல் 'கடன்பட்டிரு' என்று பொருள்படும் இலத்தீன் வினையிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்திற்கு வந்தது. ஆண்டவர் கற்பித்த செபத்தின் இலத்தீன் வடிவில், நாம் மன்னிக்கும்படி வேண்டுகின்ற கடன்களைக் குறிக்கும் 'தெபித்தா' என்ற சொல்லும் அதே வேரில் முளைத்ததுதான். இலத்தீன் வழிபாட்டுச் சொல்லும் நாமக்கல் கடன் தவணையும் ஒரு தாய் மக்கள் என்பது வியப்பன்றோ!

பண்ணுவதும் ஆவதும்

துணைவினைகளுள் பெரும்பாரம் சுமப்பவை இரண்டு: பண்ணு, ஆகு. 'பண்ணு' பழமையான சொல். சங்கப் பாடல்களில் தேரையும் குதிரையையும் பயணத்திற்கு ஆயத்தப்படுத்துதலை அது குறித்தது. இன்று அந்தத் தேரில் ஆங்கிலம் ஏறி வருகிறது.

ஆங்கிலத்தில் 'ஸ்டார்ட்' என்றால், ஒருவர் இயக்குவதும் அதுவே, தானே இயங்குவதும் அதுவே. தமிழில் இந்த மயக்கத்திற்கு இடமில்லை. 'வண்டியை ஸ்டார்ட் பண்ணினான்' என்றால் செய்தவன் ஒருவன் இருக்கிறான். 'வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை' என்றால் பொறுப்பு வண்டியின்மேல். அயற்பெயரை ஏற்ற அந்தக் கணமே, 'இதைச் செய்தவர் யார்?' என்ற கேள்விக்கு விடை சொல்லும்படி தமிழ் நம்மைக் கட்டாயப்படுத்துகிறது.

இங்கேதான் இலக்கணம் அறத்தைத் தொடுகிறது. 'மிஸ்டேக் பண்ணிவிட்டேன்' என்பதற்கும் 'மிஸ்டேக் ஆகிவிட்டது' என்பதற்கும் இடையே உள்ள தொலைவு சிறிதன்று. முன்னதில் 'ஏன்' என்னும் தன்மை ஈறு நெஞ்சில் கைவைத்து நிற்கிறது. பின்னதில் நான் என்பவர் எங்கோ மறைந்துகொள்ள, தவறு தானாக விளைந்த பயிர்போல் நிற்கிறது. ஆழ்துளையில் நீர் வராமல் 'போர் ஃபெயிலியர் ஆகிவிட்டது' என்று உழவர் சொல்வது உண்மை. அதில் அவர் குற்றம் ஏதுமில்லை. கணக்கில் பணம் குறைந்ததற்கும் அதே 'ஆகிவிட்டது' சொல்லப்பட்டால், வினை பொய்ச்சான்று உரைக்கிறது.

இந்தத் தந்திரம் புதியதன்று. விடுதலைப் பயணநூலின் 32ஆம் அதிகாரத்தை நினைவுகூர்வோம். மக்களிடமிருந்து பொன்னை வாங்கிக் கருவியால் உருக்கொடுத்துக் கன்றைச் செய்தவர் ஆரோன் என்று நூல் தெளிவாக உரைக்கிறது. மோசே வந்து கேட்டபோது ஆரோனின் விடை வேறாயிருந்தது: பொன்னை நெருப்பில் இட்டாராம், கன்று தானே வெளிவந்ததாம்! செய்வினை எவ்வளவு எளிதாகத் தன்வினையாகிவிட்டது பாருங்கள். திருப்பலியின் தொடக்கத்தில் நாம் சொல்லும் பாவ அறிக்கை இதற்கு நேர்மாறானது. அது முழுவதும் தன்மை ஒருமையில் அமைந்தது. 1970ஆம் ஆண்டின் திருப்பலி நூல் அதில் கடமையில் தவறியதையும் சேர்த்தது. செய்யாமல் விட்டதற்கும் செய்தவர் ஒருவர் உண்டு என்பதே திருச்சபையின் இலக்கணம்.

எது போனால் இழப்பு?

வந்த சொற்களைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. மேசையும் சாவியும் வந்ததால் தமிழ் தாழ்ந்துவிடவில்லை. பாடியும் பஞ்சரும் லோடும் உழைக்கும் மக்கள் தம் கைத்தொழிலோடு சேர்த்துத் தமக்காக்கிக்கொண்ட சொற்கள். அவர்களை நோக்கித் தனித்தமிழ் பேசுங்கள் என்று உபதேசிப்பது, வியர்வை சிந்தாதவரின் வீண் உரையாகவே முடியும்.

கவலைக்குரியது வேறொன்று. பெயரில்லாத பொருளுக்குப் பெயர் வந்தது போக, வினை இருக்கும் இடத்திலும் இப்போது பெயர் வந்து அமர்கிறது. உதவினேன் என்பது 'ஹெல்ப் பண்ணினேன்' ஆயிற்று. காத்திருந்தேன் என்பது 'வெயிட் பண்ணினேன்' ஆயிற்று. அழைத்தேன் என்பது 'கால் பண்ணினேன்' ஆயிற்று. செபியுங்கள் என்பது 'பிரேயர் பண்ணுங்கள்' ஆயிற்று. ஒவ்வொரு செயலுக்கும் தனித்தனி முகம் கொடுத்திருந்த வினைகள் ஒதுங்கி நிற்க, எல்லாவற்றுக்கும் ஒரே 'பண்ணு' கூலி வேலை செய்கிறது. காத்திருத்தல் என்பதில் காத்தலும் இருத்தலும் இருந்தன. காவலும் பொறுமையும் இருந்தன. 'வெயிட்' என்பதில் அவை இல்லை.

'சாரி' என்னும் சொல் இன்னும் ஆழமான சான்று. நோவு, புண் என்னும் பொருளுடைய பழைய ஆங்கிலச் சொல்லின் வழி வந்த பெயரடை அது. மனம் நொந்திருக்கிறேன் என்பதே அதன் வேர்ப்பொருள். தமிழில் அது பெயராகி, 'சாரி கேட்டான்', 'சாரி சொல்லிவிட்டாள்' என்று வழங்குகிறது. கொடுக்கவும் வாங்கவும் கூடிய ஒரு பொருளாக அது ஆகிவிட்டது. வருந்துதல் என்னும் வினையும் மன்னித்தல் என்னும் வினையும் இரு மனிதரிடையே நிகழ வேண்டியவை. இரண்டுக்கும் காலம் வேண்டும், கண்ணீரும் வேண்டியிருக்கலாம். சண்டையிட்ட அண்ணன் தம்பிகள் 'சாரி' கேட்டுவிட்டு, வருந்தாமலும் மன்னிக்காமலும் கலைந்துபோக முடிகிறது என்றால், இழந்தது ஒரு சொல்லை மட்டுமன்று.

நம்பிக்கையும் நம்புதலும்

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் திருவழிபாடு பற்றிய தன் ஏட்டை வெளியிட்டபின், நம் வழிபாடு தமிழில் மலர்ந்தது. பூசை திருப்பலியாயிற்று, ஞானஸ்நானம் திருமுழுக்காயிற்று, விசுவாசம் மெல்ல நம்பிக்கையாயிற்று. 1995இல் வெளிவந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பு இந்நடையை உறுதிப்படுத்தியது. இம்மாற்றத்தில் பழைய சொற்களின்மேல் பற்றுக்கொண்ட மூத்தோர் சிலருக்கு மனத்தாங்கல் இருந்தது. ஆனால் விசுவசிக்கிறேன் என்னும் வினையின் இடத்தில் நம்புகிறேன் என்னும் மற்றொரு வினை வந்து நின்றது என்பதைக் கவனிக்க வேண்டும். பெயர் மாறியது, வினை வினையாகவே இருந்தது.

இது சிறு செய்தியன்று. யோவான் நற்செய்தியின் கிரேக்க மூலத்தில் நம்பிக்கை என்னும் பெயர்ச்சொல் ஓரிடத்திலும் வருவதில்லை. நம்பு என்னும் வினையோ ஏறத்தாழ நூறு முறை வருகிறது. யோவானுக்கு நம்பிக்கை என்பது பெட்டியில் வைத்துப் பூட்டக்கூடிய உடைமையன்று. ஒருவர் மற்றொருவரை நோக்கிச் செய்கின்ற செயல். சமாரியப் பெண்ணும், பிறவியிலேயே பார்வையற்றவரும், மார்த்தாவும் அந்த நற்செய்தியில் நம்பிக்கையை வைத்திருப்பவர்களாக வருவதில்லை, நம்புகின்றவர்களாக வருகிறார்கள்.

அதே நற்செய்தியின் முகப்பில் 'வாக்கு' என்று நாம் வாசிக்கும் இடத்தில், 4ஆம் நூற்றாண்டின் இறுதியில் புனித எரோணிமுஸ் திருத்தியமைத்த இலத்தீன் பாடம் 'வெர்பும்' என்னும் சொல்லை ஆளுகிறது. இலத்தீனில் அச்சொல்லுக்குப் பொதுவாகச் சொல் என்று பொருள். இலக்கணத்தில் வினைச்சொல் என்றும் பொருள். ஆங்கிலம் வினைச்சொல்லை 'வெர்ப்' என்று அழைப்பது அதனால்தான். இது இலக்கண வழக்கில் நேர்ந்த ஒற்றுமையே, கோட்பாடு ஆகாது. எனினும் தியானத்திற்கு உகந்தது. கடவுள் உலகிற்கு அனுப்பிய சொல், பெயராக மட்டும் நின்றுவிடவில்லை. நடந்தது, தொட்டது, அழுதது, மன்னித்தது, இறந்தது, உயிர்த்தது. முழுக்க முழுக்க வினையாகவே வாழ்ந்தது.

நம் சமவெளிக்கு நானூறு ஆண்டுகளில் எத்தனையோ மொழிகளிலிருந்து பெயர்கள் வந்தன, இனியும் வரும். அவற்றுக்கு இருக்கை தருவது நம் விருந்தோம்பல். ஆனால் நம்பு, மன்னி, வருந்து, உதவு, காத்திரு, செபி என்னும் வினைகளை மட்டும் பிறர் பெயரிடம் ஒப்படைத்துவிட்டு நாம் ஓய்ந்திருத்தலாகாது. இரவில் வீட்டில் கூடிச் செபிக்கும் நேரத்தில், பிள்ளைகளோடு இந்த ஆறு வினைகளையும் தன்மை ஒருமையில் ஒருமுறை சொல்லிப் பார்க்கலாம். நம்புகிறேன். மன்னிக்கிறேன். வருந்துகிறேன். உதவுகிறேன். காத்திருக்கிறேன். செபிக்கிறேன். ஒவ்வொன்றின் ஈற்றிலும் செய்பவர் ஒருவர் நிற்கிறார். அவர் நாமே.